மூலையில் கிடக்கும் செட்டா, டவர் செட்டா, புதுசா?

பட்டுக்கோட்டை பக்கம் மாமாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பின்கட்டில், விறகு அடுக்கும் கொட்டகைக்கு அடுத்தாற்போல ஒரு 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. கேவிஏ என்பது ஜெனரேட்டரின், எங்கள் பேச்சில் 'செட்'டின், திறன் அளவு. 2012-ல் வாங்கியது. அந்த வருஷத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம். மாவு மில், லேத் பட்டறை, ஐஸ் கம்பெனி என்று ஆளாளுக்குக் கடனை உடனை வாங்கி செட் போட்டார்கள். 2015 வாக்கில் மின்வெட்டு ஓய்ந்ததும் அத்தனையும் மூலைக்குப் போயின. 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபோது மாமாவின் செட்டைத் தட்டி எழுப்பினோம். இரண்டு வாரம் தெருவுக்கே தண்ணீர் ஏற்றியது, செல்போன் சார்ஜ் போட்டது. அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை.

போன முகூர்த்தத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. வாடகை ஜெனரேட்டர் வந்து சேர ஒன்றரை மணி நேரம். மறுநாள் காலையிலேயே போன். "மாப்ள, இந்தச் சனியன எடைக்குப் போட்டுட்டு டவர் செட் ஒண்ணு பாக்கட்டுமா? சல்லிசா வருதாம். இல்ல, புதுசாவே எடுத்துடலாமா?"

டவர் செட் என்பது செல்போன் டவரில் ஓடிக் கழிந்த பழைய ஜெனரேட்டர். ஜெனரேட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. எல்லாரும் எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் பழசா புதுசா என்று பேசுவது வெட்டிப் பேச்சு.

மாமாவின் கணக்கு இது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முகூர்த்தத்தோடு மோதுவது வருஷத்தில் ஏழெட்டுத் தடவை. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது, டிரான்ஸ்பார்மர் போவது எல்லாம் சேர்த்தாலும் 100 மணி நேரத்தைத் தாண்டாது. சராசரியாக 10 கிலோவாட் லோடு என்றால் 25 கேவிஏ செட் மணிக்கு மூன்றரை லிட்டர் போலக் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 350 லிட்டர், 32,200 ரூபாய். பழைய இன்ஜின் புதுசைவிட 15 சதவீதம் கூடவே குடித்தாலும் நஷ்டம் ஐயாயிரத்துக்குள்தான். அந்த ஐயாயிரத்தை மிச்சம் பிடிக்க லட்சக்கணக்கில் போட்டுப் புதுசு வாங்குவதில் அர்த்தமில்லை.

இதே கணக்கை ஒரு ஐஸ் கம்பெனிக்கோ இறால் பண்ணைக்கோ போட்டுப் பாருங்கள். வருஷம் 1,500 மணி நேரம் ஓடினால் 5,250 லிட்டர், 4,83,000 ரூபாய். அதில் 15 சதவீதம் என்றால் எழுபத்திரண்டாயிரத்துக்கு மேல், அதுவும் வருஷா வருஷம். அங்கே பழைய செட் வாங்கச் சொல்கிறவர் உங்கள் எதிரி.

ஆக, கீழே எழுதியிருப்பதெல்லாம் வருஷத்துக்கு ஒரு முந்நூறு மணி நேரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு.

மூலையில் கிடப்பதை எழுப்புவது

எழுப்பலாம் என்று முடிவெடுத்த மறு நிமிஷம் எல்லாரும் செய்கிற காரியம், பைக்கில் போய் ஒரு பேட்டரியை வாங்கி வந்து சாவியைத் திருப்புவது. தயவுசெய்து வேண்டாம். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் சைலன்சர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். புகைக்குழாய் வாயில் இருக்கும் தகர மூடி துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றிருந்தால் கட்டாயம் இறங்கியிருக்கும். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ப் மோட்டார் சுற்றினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். முதலில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கல்லில் முட்டியது போல நின்றால் நாசிலை (சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் பாகம்) கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

மாமா செட்டில் இன்ஜின் சுற்றியது. கேனோப்பியின் (செட்டை மூடியிருக்கும் தகரக் கூண்டு) கதவைத் திறந்தபோதுதான் சிரிப்பு வந்தது. மண்டபத்து அரிசி மூட்டையைத் தின்று கொழுத்த எலிகள், ஆல்டர்னேட்டரின் (கரண்ட் உண்டாக்கும் பாகம்) டெர்மினல் பெட்டியில் வைக்கோலும் பந்தல் துணியுமாக மெத்தை போட்டிருந்தன. பேனலுக்குப் போகும் கன்ட்ரோல் ஒயரில் நாலைந்து இடத்தில் செம்பு தெரிந்தது. பந்தல் துணியில் ஜரிகைகூட இருந்தது. நல்ல கல்யாணமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கின்றன.

டேங்கின் அடியிலிருந்து முதலில் வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். மேலே டீசல், கீழே தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டினது போல ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை அது. பில்டரை அடைப்பது இதுதான். டேங்கை முழுக்க இறக்கிக் கழுவி, பழைய டீசலை எறிந்துவிட்டு, இரண்டு பில்டரையும் மாற்றினோம். ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு. எல்லாம் மாற்ற வேண்டியதுதான். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

அடுத்தது வைண்டிங், அதாவது ஆல்டர்னேட்டருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி. 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்தால் பாடிக்கும் வைண்டிங்குக்கும் நடுவே ஒரு மெகாஓம் கூட வரவில்லை. இதைப் பார்த்ததும் 'ரீவைண்டிங் பண்ணணும்' என்று சொல்கிற ஆட்கள் உண்டு. டெல்டா மழையில் வருஷக்கணக்கில் நின்ற மிஷின் ஈரம் குடித்திருக்கும், அவ்வளவுதான். ஆல்டர்னேட்டருக்குள், வைண்டிங்கில் படாமல், இரண்டு 200 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, மேலே சாக்கைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் மெக்கர் 20-ஐத் தாண்டியது. ரீவைண்டிங் செலவு மிச்சம்.

டீசல் லைனில் ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் எடுத்துக்கொண்டது. வோல்ட் மீட்டர் அசையவே இல்லை. நெடுநாள் நின்ற பிரஷ்லெஸ் ஆல்டர்னேட்டர்களில் இது சகஜம். எக்ஸைட்டரில் (ஆல்டர்னேட்டருக்குக் காந்தம் ஏற்றும் சின்ன ஜெனரேட்டர்) மிச்சமிருக்க வேண்டிய காந்தம் செத்துப்போயிருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஏவிஆரிலிருந்து (வோல்டேஜைச் சீராக வைக்கும் கார்டு) எக்ஸைட்டர் பீல்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பீல்டின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் சில நொடி தொட வைத்து எடுத்தால் போதும். ஸ்டாம்போர்டு மிஷினில் அந்த ஒயர்களுக்கு எக்ஸ், டபுள் எக்ஸ் என்று பெயர். ஏவிஆரைக் கழற்றாமல் செய்தால் ஏவிஆர் போகும், அது உங்கள் செலவு. திரும்ப மாட்டி ஓட்டினால் 415 வந்து நின்றது.

இதைச் செய்தும் வோல்டேஜ் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ரோட்டரோடு சுற்றும் ஆறு டயோடுகள். ஒவ்வொன்றாகக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பார்க்கலாம். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்க வேண்டும். ஒரே ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் வோல்டேஜ் ஏறாது, மிஷின் உறுமும், எக்ஸைட்டர் சூடாகும். டயோடு விலை சில நூறு ரூபாய். இதைப் பார்க்காமலேயே ஆல்டர்னேட்டரை எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மண்டபம் வைத்திருப்பதில் ஒரு வசதி, லோடு டெஸ்ட்டுக்குச் சாமான் தேட வேண்டாம். ஒரு பேஸுக்கு இரண்டு 1,000 வாட் போகஸ் லைட், ஒரு 2,000 வாட் வாட்டர் ஹீட்டர். மூன்று பேஸும் சேர்ந்து 12 கிலோவாட். 25 கேவிஏ என்பது 20 கிலோவாட், அதில் இது 60 சதவீதம். இருபது நிமிஷம் அமைதியாக ஓடியது. பிறகு விளக்கு மங்க ஆரம்பித்தது. வோல்டேஜ் 415-லிருந்து 370-க்கு இறங்கியது.

கூட நின்ற எலெக்ட்ரீஷியன் தம்பி உடனே, "அண்ணே, ஏவிஆர் போச்சு" என்றான். நான் மீட்டரை ஹெர்ட்ஸுக்குத் திருப்பிக் காட்டினேன். 46. ஸ்பீடு இறங்கினால் வோல்டேஜையும் சேர்த்து இறக்குவது ஏவிஆரின் வேலை. குறைந்த வேகத்தில் முழு வோல்டேஜ் கொடுத்தால் வைண்டிங் எரியும் என்பதால் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆக, நோய் இன்ஜின் பக்கம். டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. ஒரு நிமிஷத்தில் ஹெர்ட்ஸ் 50-க்குத் திரும்பிவிட்டது. மூடியில் காற்றுக்காக இருக்கும் ஊசித் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. ஏவிஆர் வாங்கியிருந்தால் அதே இருபது நிமிஷத்தில் மறுபடி மங்கியிருக்கும்.

அதனால் எதைச் சந்தேகப்பட்டாலும் முதலில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். ஹெர்ட்ஸ் சரியாக நின்று வோல்டேஜ் மட்டும் விழுந்தால் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் டீசல், பில்டர், பம்ப், கவர்னர் (இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைக்கும் பாகம்). இன்னொன்று: மெக்கானிக்கல் கவர்னர் உள்ள செட்டில் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் போல வைத்தால்தான் லோடு ஏறினதும் 50-ல் வந்து நிற்கும். சும்மா ஓடும்போதே 50-ல் வைத்துவிட்டுப் போகிற மெக்கானிக்குகளால் எத்தனை மோட்டார் சூடேறிச் செத்திருக்கும் என்று கணக்கில்லை.

எப்போது எழுப்பாமல் விட வேண்டும்? ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். புஸ்புஸ்ஸென்று புகையோடு அடித்தால் பேக் கம்ப்ரஷன். லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) பிஸ்டன் ரிங்கும் போய்விட்டன. ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்து இது மட்டும் என்றால் இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்ஜினும் திறக்க வேண்டும், வைண்டிங்கும் எரிந்திருக்கிறது என்றால் தயங்காமல் எடைக்குப் போடுங்கள். உதிரிபாகமே வராத இன்ஜின் என்றாலும் அப்படித்தான். சிம்சன், லேலண்ட், கிர்லோஸ்கர் என்றால் அந்தக் கவலை குறைவு. சிம்சன் இன்ஜின் டிராக்டரிலும் இருப்பதால் டெல்டாவில் எந்த டிராக்டர் மெக்கானிக்கும் கூசாமல் திறப்பார்.

டவர் செட்

மாமா ஆசைப்பட்டது இதைத்தான். செல்போன் டவர்களின் அடியில் நின்ற 10, 15, 25 கேவிஏ செட்டுகள், கரண்ட் ஓரளவு சீரானதும் லித்தியம் பேட்டரி வந்ததும் கூட்டம் கூட்டமாகக் கழிந்து வருகின்றன. கேனோப்பியோடு, பார்க்க லட்சணமாக, விலையும் புதுசின் பாதிக்கு வெகு கீழே. பெயிண்ட் அடித்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள்.

அவற்றின் வாழ்க்கை வரலாறு அவ்வளவு லட்சணமில்லை. டவருக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்று நான்கு கிலோவாட். அதைச் சுமக்க 12 கிலோவாட் தரக்கூடிய 15 கேவிஏ செட்டை வைத்து, கரண்ட் இல்லாத கிராமங்களில் நாள்கணக்காக ஓட்டினார்கள். டீசல் இன்ஜினுக்கு லோடு கூடினால் கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். குறைந்தாலும் கஷ்டம் என்பது பலருக்குத் தெரியாது. 30 சதவீதத்துக்குக் கீழே நாள் முழுக்க ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் இணைப்புகளில் கறுப்பு எண்ணெயாக வழியும். லைனரின் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போய் ரிங் பிடிக்காமல் ஆயிலை மேலே விடும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கேஸ்கட் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று தார் மாதிரி ஒட்டினால் அது இந்தக் கதைதான். புது பெயிண்ட் எல்லா இடத்தையும் மறைக்கும், இந்த ஓரத்தை மறைக்காது, சூட்டில் உரிந்துவிடும்.

அது தொடக்க நிலையில் இருந்தால் மருந்து உண்டு. லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 75 சதவீதத்துக்குக் கொண்டுபோய் சில மணி நேரம் ஓட்டினால் உள்ளே படிந்தது எரிந்து, கரும்புகை கக்கிக் கக்கி, கடைசியில் புகை தெளியும். தெளியாமல் நீலப்புகை நின்றால் லைனரைத் திறந்து ஹோனிங் போட (உள்சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க) வேண்டும், ரிங் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுச் சல்லிசா இல்லையா என்று சொல்லுங்கள்.

ஓடின மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை நான் நம்புவதில்லை. கன்ட்ரோலரையே மாற்றினால் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாக பேன் பெல்ட் ஓடும் புல்லியின் பள்ளத்தைப் பார்ப்பேன். கண்ணாடி போல வழித்து ஆழமாகியிருந்தால் மீட்டர் 2,000 காட்டினாலும் அது 2,000 இல்லை.

வியாபாரியிடம் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. சொன்னால், நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் இன்ஜினைச் சூடேற்றி வைத்திருப்பார்கள். போனதும் முதலில் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், "நாளைக்கு வர்றேண்ணே" என்று கிளம்பிவிடுங்கள். தேய்ந்த இன்ஜினின் குட்டு காலையில் குளிர்ந்த நிலையில் எழுப்பும்போதுதான் வெளிப்படும். ஒரு தடவை நான் வாங்கிக் கொடுத்த செட் ஒன்று கடையில் முதல் சுற்றிலேயே எடுத்தது, இறக்கின இடத்தில் மறுநாள் காலை பேட்டரி தீரும்வரை சுற்றினாலும் எடுக்கவில்லை. வாங்கின அன்று வெயில் என்று நினைத்து பிளாக்கைத் தொடாமல் விட்டது என் தப்பு.

பெயர்ப் பலகையையும் படிக்க வேண்டும். டவர் செட்டுகளில் சில சிங்கிள் பேஸ். டவருக்கு நேராக 48 வோல்ட் டிசி கொடுப்பதற்கென்றே செய்த செட்டுகளும் உண்டு. அது வீட்டுக்கும் ஆகாது, மண்டபத்துக்கும் ஆகாது. மூன்று பேஸ் 15 கேவிஏ என்றாலும் ஒரு பேஸுக்கு 21 ஆம்பியர்தான். மாமா மண்டபத்தில் 7.5 எச்பி நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது அது நேரடியாக இழுத்தால் 60 ஆம்பியருக்கு மேல் போகும். 25 கேவிஏவின் 35 ஆம்பியருக்கே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்புவது) இருந்தால்தான் நிம்மதி. சல்லிசாக வந்த 15 கேவிஏ, மேடை விளக்கையும் சேர்த்து மண்டியிட்டிருக்கும்.

மற்ற சந்தைச் சரக்குகள்

வங்கி, ஆஸ்பத்திரி, பெரிய ஆபீஸ் கட்டடங்களில் ஸ்டாண்ட்-பையாக நின்று கழிகிற செட்டுகள்தான் பழைய சரக்கில் நான் தேடிப் போவது. வயசு பத்து இருக்கும், ஓட்டம் சில நூறு மணி நேரம்தான் இருக்கும். சர்வீஸ் கான்ட்ராக்ட் இருந்திருக்கும், பி-செக் (வழக்கமான சர்வீஸ்) போட்ட தேதிகளோடு ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கதவில் தொங்கும். அந்த நோட்டு இருந்தால் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். ஹோஸ், பெல்ட், பேட்டரி, கூலன்ட் மாற்றினால் முடிந்தது வேலை. குறை ஒன்றுதான்: இவை பெரும்பாலும் 62.5 கேவிஏவுக்கு மேலே. பெரிசாக இருப்பது நல்லதுதானே என்று மண்டபத்துக்கு 125 கேவிஏ வாங்கினால் டவர் செட்டின் நோயை நீங்களே உண்டாக்குவீர்கள்.

அரசு நிறுவனங்கள் கழிப்பது மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி போன்றவை நடத்தும் இணைய ஏலங்களில் வரும். இருந்த இடத்தில், இருந்த நிலையில். ஸ்டார்ட் பண்ணிக் காட்ட மாட்டார்கள். ஏவிஆர், கன்ட்ரோலர், பேட்டரி கேபிள் இவை ஏற்கெனவே கால் முளைத்து நடந்திருக்கும். மெக்கானிக்கோடு கூட்டுச் சேர்ந்து எடுப்பவர்களுக்கு லாபம். ஒரே ஒரு செட் வேண்டும் என்கிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குஜராத்தின் அலாங்கில் உடைக்கும் கப்பல்களிலிருந்து வரும் செட்டுகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். இன்ஜின் இரும்பைப் பார்த்தால் ஆசை வரும், மறுக்கவில்லை. ஆனால் கப்பல் கரண்ட் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊருக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று ஸ்பீடைக் குறைத்தால் வோல்டேஜும் அதே விகிதத்தில் 367-க்கு இறங்கும். 'ஏவிஆரைத் திருகி 415-க்கு ஏத்திடலாம்' என்பார்கள். ஏற்றினால் இரும்புக்கோருக்கு அது படைக்கப்பட்டதைவிட 13 சதவீதம் அதிகக் காந்தச் சுமை. கோர் சூடாகும், பீல்டு கரண்ட் எகிறும். போதாதற்கு, கடல் தண்ணீரில் குளிர வைக்கும் ஏற்பாட்டோடு வருவதற்குக் கரையில் ரேடியேட்டர் தேட வேண்டும்.

லாரி இன்ஜின் போட்ட செட் என்று ஒன்று உண்டு. உள்ளூர்ப் பட்டறைகளில் பழைய லாரி இன்ஜினையும் ஒரு ஆல்டர்னேட்டரையும் சேர்த்துக் கட்டியது. இன்ஜின் பலமாகத்தான் இருக்கும். சிக்கல் பம்ப்பில். லாரி பம்ப்பின் கவர்னர் ஐடிலிங்கையும் உச்ச வேகத்தையும் கட்டுப்படுத்தும். நடுவில் வேகத்தைப் பிடித்து வைப்பது டிரைவரின் கால். ஜெனரேட்டரில் கால் ஏது? ஆக்ஸிலரேட்டர் லீவரை போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். கிரைண்டர் ஓடினால் விளக்கு மங்கும், நின்றால் பல்பு பளீரென்று எரிந்து உயிரை விடும். லீவரைக் கட்டிய போல்ட்டைப் பார்த்தால் விலை பேசாதீர்கள்.

புதுசு

2023 ஜூலை முதல் புது செட்டுகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்ட பிளஸ் விதி. புகை உண்மையிலேயே குறைவு. டீசலும் கொஞ்சம் மிச்சமாகும், சத்தமும் அடங்கும். ஆனால் இந்த விதிக்கு ஈடு கொடுக்கப் பெரும்பாலான இன்ஜின்கள் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பழைய பம்ப்-நாசில் இன்ஜின் கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசலைக்கூட இருமிக்கொண்டே எரித்துவிடும். எலெக்ட்ரானிக் ரகமான காமன் ரெயில் இன்ஜெக்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பங்க்கிலிருந்து வெள்ளை கேனில் டீசல் வாங்கி, அதே கேனில் நேற்று தண்ணீர் பிடித்த ஊர் இது. எலி ஒரு சென்சார் ஒயரைக் கடித்தால் இன்ஜின் எடுக்காது, டிராக்டர் மெக்கானிக் கையை விரிப்பார், கம்பெனி ஆள் லேப்டாப்போடு தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும்.

இது புதுசைக் குறை சொல்வதற்கில்லை. தினமும் ஓடும் இடம், சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருக்கும் டவுன், வங்கிக் கடனுக்கு புது இன்வாய்ஸ் வேண்டும் என்கிற தொழில், இவர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதுசு எடுக்கலாம். ஐந்து வருஷத்தில் டீசலிலேயே பாதிக் காசு திரும்பும். மாதம் ஒரு முறை கூட ஓடாத மண்டபத்துக்கு அது பூட்டி வைத்த நகை.

வாடகை ஒன்று மிச்சம். வருஷத்துக்கு ஐந்தாறு நாள்தான் என்றால் வாடகைதான் மலிவு, சந்தேகமில்லை. ஆனால் முகூர்த்த நாளில் ஊரில் எல்லா மண்டபத்துக்கும் ஒரே நேரத்தில்தான் கரண்ட் போகும்.

மாமா என்ன செய்தார்

மூலையில் கிடந்ததையே வைத்துக்கொண்டார். பேட்டரி, ஹோஸ், பெல்ட், பில்டர், ஆயில், நாசில் சர்வீஸ், எலி கடித்த ஒயர் எல்லாமாகச் சேர்த்தும், வியாபாரி சொன்ன டவர் செட் விலையில் நாலில் ஒரு பங்கைத் தொடவில்லை. காரணம் எளிது: அது தன் வாழ்நாளில் நல்ல லோடில், குறைந்த மணி நேரம் ஓடின இன்ஜின். அந்த வரலாறு எங்களுக்குத் தெரியும். சந்தையில் நிற்கிற எந்த செட்டின் வரலாறும் தெரியாது.

பராமரிப்புக்கு அவரிடம் வாங்கின சத்தியம் நாலே நாலு. மாதம் ஒரு தடவை அரை மணி நேரம், ஏசியையும் மோட்டாரையும் போட்டு லோடில் ஓட்ட வேண்டும். பத்து நிமிஷம் சும்மா உறும விட்டு நிறுத்துவது கெடுதல். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை ஆயில். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் பக்கத்து உப்புத்தண்ணீர் இரண்டு வருஷத்தில் டியூபை அடைத்துவிடும், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். பேட்டரிக்கு சின்னதாக ஒரு சார்ஜர் நிரந்தரமாக மாட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று எனக்கு வரும் போன்களில் பெரும்பாதி, பச்சை பூத்த பேட்டரி டெர்மினலில் போய் முடிகிறது.

செட்டைத் தொடுவதற்கு முன்பே ஒரு செலவு வைத்தேன், அதற்குத்தான் மாமா முகம் சுளித்தார். மின்வாரிய லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் பழைய சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் மூன்று போல், அதாவது மூன்று பேஸை மட்டும் மாற்றுவது. நியூட்ரலை இரண்டு பக்கமும் பொதுவாகக் கட்டியிருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது நம் கரண்ட் அந்த வழியாகத் திரும்பி லைனுக்குப் போக இடமிருக்கிறது, கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஆள் லைன் ஆப் என்று நம்பித்தான் கை வைப்பார். நாலு போல் சேஞ்ச்-ஓவர் போட்டு, நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு என்று நான்கு எர்த்தும் புதிதாக அடித்த பிறகுதான் பேட்டரியே மாட்டினேன். மூன்று போல் ஸ்விட்ச் இப்போது விறகுக் கொட்டகையில் கிடக்கிறது. எடைக்குப் போடுங்கள் மாமா என்றால், "இருக்கட்டும் மாப்ள, எதுக்காவது ஆகும்" என்கிறார்.